கேள்வி–பதில்: ஆறு சூடேறினால் சால்மனுக்கு என்ன ஆகும்?

சால்மன் 20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று படித்தேன். பிறகு இரண்டு மூன்று டிகிரி கூடுவதற்கு ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?
– வாசகி, கோயம்புத்தூர்

நீங்கள் படித்தது வளர்ந்த மீனுக்கான எச்சரிக்கைக் கோடு. முட்டைக்கு அந்தக் கோடு 12 டிகிரிக்கே வந்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றில் குளிர்கால சினூக் என்றொரு சால்மன் வகை இருக்கிறது. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழைவது குளிர்காலத்தில், முட்டையிடுவதோ கோடையில். ஒரு காலத்தில் மலை ஊற்று நீர் ஓடும் ஓடைகள் வரை ஏறிப்போய் முட்டையிட்டது. 1940களில் ஷாஸ்டா அணை எழும்பி வழி அடைபட்டது. இப்போது அணைக்குக் கீழே, வெயில் காயும் சமவெளியில் இடுகிறது.

பெண் மீன் ஒருக்களித்து, வாலால் அடித்துக் கூழாங்கற்களைக் கிளப்பிப் பள்ளம் பறிக்கும். முட்டையிட்டதும் மேலே கல்லைத் தள்ளி மூடிவிடும். முட்டைக்குச் செவுள் கிடையாது. கற்களின் இடுக்கில் ஊர்ந்துவரும் நீரிலிருந்து தோல் வழியாகக் கசியும் ஆக்சிஜன்தான் அதன் மூச்சு. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் 9.1தான். சூடு ஏற ஏறக் கருவின் தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. ஆய்வகத்தில் வேகமாக ஓடும் நீரில் வைத்த முட்டைகள் ஆற்றில் இருப்பவற்றைவிடச் சுமார் 3 டிகிரி அதிகம் தாங்கின. கல்லிடுக்கில் நீர் மெதுவாக ஊர்வதுதான் வித்தியாசத்துக்குக் காரணம். வண்டல் படிந்து இடுக்கு அடைத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்.

இன்னொரு கணக்கும் உண்டு. நாள்தோறும் நீரின் சராசரி வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை ஏறக்குறைய 500ஐத் தொடும்போது சினூக் முட்டை பொரியும். 5 டிகிரி நீரில் 100 நாள், 10 டிகிரியில் 50 நாள். சூடான ஆற்றில் குஞ்சு முந்திக்கொண்டு வெளியே வருகிறது, ஆனால் அது தின்ன வேண்டிய சிறு பூச்சிகள் அதற்குள் பெருகியிருக்காது.

ஷாஸ்டா அணையின் முகப்பில் பல உயரங்களில் மதகு வைத்த இரும்புக் கட்டுமானம் 1997 முதல் இருக்கிறது. முதலில் மேல் மதகைத் திறந்து வெதுவெதுப்பான நீரைச் செலவழித்து, அடியாழத்துக் குளிர்நீரை ஆகஸ்ட், செப்டம்பருக்குச் சேமிப்பதுதான் முறை. 2014 வறட்சியில் அந்த இருப்பு இடையிலேயே தீர்ந்துபோனது. அந்த ஆண்டு முட்டைகளில் நூற்றுக்கு ஐந்து அளவே குஞ்சாகித் தப்பின. குளிர்நீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்த பிறகே பாசனத்துக்கு நீர் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

2015இல் வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் லட்சக்கணக்கில் மீன்கள் செத்தது எப்படி?
– வாசகர், ஈரோடு

செத்தவை சாக்கை சால்மன். கொலம்பியாவிலும் அதன் கிளையாறுகளிலும் சேர்த்துச் சுமார் 2,50,000. முந்தைய குளிர்காலத்தில் மலையில் பனி குறைவு. ஜூனிலேயே கடும் வெயில். ஆற்றுக்குள் வந்த சால்மன் இரை எடுக்காது, உடம்பிலுள்ள கொழுப்பை எரித்தே நீந்தும். நீர் சூடானால் அந்த இருப்பு சீக்கிரம் கரையும். கூடவே செவுளை அரிக்கும் பாக்டீரியா நோய் வேகமெடுக்கும்.

அதிகம் பேசப்படாத விஷயம் மீன் ஏணி. அணையைத் தாண்ட மீனுக்குக் கட்டிய படிக்கட்டில், நீர்த்தேக்கத்தின் மேற்பரப்பு நீர்தான் விழுகிறது. வெயிலில் காய்ந்த அந்த நீர் கீழே ஆற்று நீரைவிடச் சூடாக இருந்தால், மீன் படியருகே வந்து திரும்பிவிடும், அங்கேயே நாள்கணக்கில் சுற்றும். கொலம்பியாவின் கிளையாறான ஸ்நேக் ஆற்றின் லோயர் கிரானைட் அணையில் ஆழத்துக் குளிர்நீரை பம்ப் செய்து ஏணிக்குள் விட ஏற்பாடு செய்தார்கள். எளிய வேலைதான், பலன் உண்டு.

எல்லா இடத்திலும் நஷ்டம்தானா?
– வாசகர், மதுரை

இல்லை. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 2022இல் சுமார் 7.9 கோடி சாக்கை திரும்பின. அது சாதனை எண்ணிக்கை. அங்கே ஏரிகள் முன்பு மிகக் குளிராக இருந்தன. கொஞ்சம் சூடேறியதும் மிதவை உயிரிகள் பெருகிக் குஞ்சுகள் வேகமாக வளர்கின்றன. ஆனால் அதே அலாஸ்காவின் யூகான் ஆற்றில் சினூக் சரிந்துவிட்டது. கனடாவுக்கு ஏறிப்போகும் யூகான் சினூக்கைப் பிடிப்பதை ஏழு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்க 2024இல் ஒப்பந்தமானது.

இங்கே செப்டம்பரில் ஆற்றுக்கு ஏறிவரும் சினூக்கைத் தூண்டிலில் பிடித்துத் திரும்ப விடுகிறோம். வெயில் நாளில் அது பிழைக்குமா?
– வாசகர், டொரன்டோ

நீரின் சூட்டைப் பொறுத்தது. கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரை நீரோட்டம் உள்ள இடத்தில் இரண்டு நிமிடம் மூழ்க வைத்துப் பாருங்கள். 18 டிகிரியைத் தாண்டினால் விடியற்காலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 20ஐத் தாண்டினால் தூண்டிலே வேண்டாம். இழுபறியில் களைத்த மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும், சூடான நீரில் அது கிடைக்காது. நீந்திப் போய்விட்டதே என்று நீங்கள் நிம்மதியாக வீடு திரும்பிய பிறகு அது சாகக்கூடும்.

முள் இல்லாத கொக்கி, தாங்கும் நூல், நீண்ட போராட்டம் இல்லாமல் சீக்கிரம் கரைக்கு இழுப்பது ஆகியவை முக்கியம். கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே கொக்கியை எடுங்கள். போட்டோவுக்குத் தூக்கினால் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். தலை நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி பிடித்து, தானாக உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள்.

மார்க்கெட்டில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கும் காலா மீனுக்கும் இதே ஆபத்தா?
– வாசகி, தூத்துக்குடி

காலா சால்மனே அல்ல. மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்தனியாக நான்கு இழை தொங்குகிறதா பாருங்கள், அது காலா. சால்மனுக்கு இழை கிடையாது, வாலுக்குச் சற்று முன்னால் முதுகில் சிறு சதைத் துடுப்பு இருக்கும். காலா வெப்பக் கடலின் மீன், குளிர்ந்த ஆறு அதற்குத் தேவையில்லை. நம் கரையில் கடல் சூட்டின் தடம் தெரிவது மத்தி மீனில். கேரளக் கரை மீனாகவே அறியப்பட்ட அது, 1980களின் பிற்பகுதியிலிருந்து தமிழகக் கரை வலைகளிலும் விழத் தொடங்கியது. இந்த நகர்வைக் கடல் வெப்பத்தோடு தொடர்புபடுத்துகிறது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்.