புது டிஏசி, புது கேபிள்: கேட்கும் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் ஹாலில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் பல வருடமாக இருக்கின்றன. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து ஒயர் போட்டுப் பாட்டுக் கேட்டுவந்தேன். போன மாதம் 22,000 ரூபாய்க்கு ஒரு டிஏசியும் (லேப்டாப்பின் டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி), அதை ஆம்போடு இணைக்க 6,000 ரூபாய்க்கு ஒரு ஆர்சிஏ கேபிளும் வாங்கினேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், இப்போது தனியாக, கனமாகக் கேட்கிறது. மனைவி "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்கிறார். கடைக்காரரோ ஆம்பையும் மாற்றினால் முழுப் பலன் தெரியும் என்கிறார். நான் கேட்பது நிஜமா, பிரமையா? ஆம்ப் வாங்கலாமா?

பதில்: பிரமை என்று சொல்லமாட்டேன். உங்கள் காதில் ஏதோ மாறித்தான் கேட்டிருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் 28,000 ரூபாயால் வந்ததா, கூடவே நடந்த வேறு எதனாலாவது வந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். வீட்டில் சொன்ன பதிலையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கறையில்லாமல் கேட்கும் காதுக்கு நிஜமான வித்தியாசமும் தப்பிவிடும்.

எனக்கு முதல் சந்தேகம் சத்தத்தின் அளவின் மேல்தான். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் பெரும்பாலும் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் சிக்னல் வரும். டிஏசியில் 2 வோல்ட் சாதாரணம், சிலவற்றில் அதற்கும் மேல். வோல்டேஜ் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடுகிறது. அது பளிச்சென்று தெரியும், நீங்களும் வால்யூமைக் குறைத்திருப்பீர்கள். ஆனால் கையால் திருகிக் காதால் சமப்படுத்தும்போது அரை டெசிபலோ ஒரு டெசிபலோ மிச்சம் நின்றுவிடும். ஏமாற்றுவது அந்த மிச்சம்தான். அவ்வளவு சிறிய ஏற்றம் 'சத்தம் கூடிவிட்டது' என்று காதில் உறைக்காது. 'தெளிவாக இருக்கிறது', 'குரல் முன்னால் வந்துவிட்டது', 'பேஸ் கனமாக இருக்கிறது' என்றுதான் உறைக்கும்.

தொப்பி கனமாகக் கேட்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. 1933ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும், எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி இருந்தால் மனிதக் காதுக்கு ஒரே சத்தமாகப் படும் என்று அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறையக் குறைய, கீழ் ஸ்வரங்களைக் காது மற்றவற்றைவிட வேகமாகத் தவறவிடுகிறது. திருப்பிச் சொன்னால், வால்யூம் கொஞ்சம் ஏறினாலே வலந்தலையைவிடத் தொப்பிக்குத்தான் அதிக லாபம். நீங்கள் எழுதியிருப்பது கிட்டத்தட்ட அதுவேதான்.

அடுத்தது, உட்காரும் இடம். கேபிளை மாற்ற எழுந்துபோய், திரும்பி வந்து அதே சோபாவில் உட்கார்ந்தாலும் தலை அதே இடத்தில் இருக்காது. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம், அவ்வளவுதான். சுவரிலும் டைல்ஸிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேரே வரும் ஒலியோடு ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும், நாலு விரல் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே மாறியது தலையின் இடமாகவும் இருக்கலாம். அதில் கேட்கும் வித்தியாசம் கருவி வைத்து அளக்கக்கூடிய, முழுக்க நிஜமான வித்தியாசம். கேபிளுக்கு அதில் பங்கில்லை என்பது மட்டும்தான்.

மூன்றாவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆம்பின் பின்னால் வருடக்கணக்கில் கழற்றாத பின்னில் களிம்பு ஏறியிருக்கும், கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம். புதுக் கேபிளைச் செருகும்போது அந்தக் களிம்பு தேய்ந்து விலகுகிறது. பழைய கேபிளையே உருவி நாலு முறை திருகிச் செருகியிருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். பழைய கேபிள் இன்னும் வீட்டில் இருந்தால் அதைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். முன்னேற்றம் அப்படியே நின்றால், 6,000 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியது ஒரு சுத்தம் செய்யும் வேலை.

கடைசியாக எதிர்பார்ப்பு. இது காது பழகாதவர்களின் பலவீனம் என்று நினைத்துவிட வேண்டாம். 1994ல் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தின் ஊழியர்கள் 40 பேரை வைத்து நாலு ஸ்பீக்கர்களைச் சோதித்தார்கள், ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படி, ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து. பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு இறங்கியது. திரை போட்டதும் இடைவெளி சுருங்கிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தியபோது உண்மையாகவே மாறிய ஒலியைத் திரை மறைத்திருந்தபோது கண்டுபிடித்தார்கள், பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதாவது கண், இல்லாததைக் கேட்க வைப்பதோடு நிற்காமல் இருப்பதையும் கேட்கவிடாமல் செய்கிறது.

சரி, வீட்டில் எப்படிச் சோதிப்பது? ஒரு மல்டிமீட்டர், ஒரு நாணயம், ஒரு ஆள் போதும்.

முதல் வேலை சத்தத்தைச் சமப்படுத்துவது. இதைக் காதால் செய்யவே கூடாது. லேப்டாப்பின் பழைய ஒயரை ஆம்பின் ஒரு இன்புட்டிலும் டிஏசியை இன்னொரு இன்புட்டிலும் கொடுங்கள். 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை மிதமான வால்யூமில் ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். மலிவான மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பாகக் காட்டும். மீட்டரின் இரண்டு ஊசிகளும் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பிடியுங்கள், ஷார்ட் ஆனால் ஆம்ப் போய்விடும். ஒரு பக்கம் 1.00 வோல்ட், மறுபக்கம் 1.06 வோல்ட் என்றால் வித்தியாசம் அரை டெசிபல். அதிகமுள்ள பக்கத்தை ப்ளேயர் ஆப்பில் குறைத்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை கொண்டுவாருங்கள். அப்போது வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் கீழே போய்விடும். அதற்குப் பிறகு ஆம்பின் வால்யூம் குமிழை யாரும் தொடக்கூடாது.

சொல்லப்போனால், பாதி பேருக்குச் சோதனை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். சத்தம் சமமானதும் "அட, ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர்களே மீட்டரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இன்னும் தெரிகிறது என்றால் மேலே போகலாம். மனைவியோ பிள்ளையோ உங்களுக்குப் பின்னால், ஆம்பின் பக்கம் நிற்கட்டும். நீங்கள் ஆம்புக்கு முதுகைக் காட்டி, தலையைச் சாய்த்துவைத்து ஒரே இடத்தில் உட்காருங்கள். முதலில் இரண்டையும் பெயர் சொல்லிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் காசு சுண்டி, பூ விழுந்தால் டிஏசி, தலை விழுந்தால் லேப்டாப் என்று போட்டு, தாளில் குறித்துக்கொள்ளட்டும். பாட்டின் அதே 15 நொடிப் பகுதியை ஒவ்வொரு முறையும் கேளுங்கள், ஒலியின் நுணுக்கம் நினைவில் அதிக நேரம் தங்காது. நீங்கள் உங்கள் விடையைத் தனித் தாளில் எழுதுங்கள். நடுவில் பேச்சு வேண்டாம், "இதுவா?" என்ற குரலின் தொனியே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆம்பில் இன்புட்டை மாற்றும் செலக்டர் திரும்பும் 'க்ளிக்' சத்தமும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் செலக்டரை நாலைந்து முறை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

எத்தனை சரியாக வந்தால் நம்பலாம்? 10 சுற்றில் 7 வந்துவிட்டது என்று துள்ளவேண்டாம். காதை மூடிக்கொண்டு காசு சுண்டினாலே ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு 7 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். 16 சுற்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 12 அல்லது அதற்கு மேல் அதிர்ஷ்டத்தால் வர வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. 12 வந்தால் உங்கள் டிஏசி தேறிவிட்டது, நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

லேப்டாப் ஓட்டையில் இரைச்சலோ, மவுஸ் நகரும்போது 'கிர்ர்' சத்தமோ இருந்திருந்தால் அது தேறவும் நல்ல வாய்ப்பு உண்டு, அப்படிப்பட்ட இடத்தில் டிஏசி உண்மையிலேயே மருந்துதான். ஆனால் பெட்டியின் மேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று, சிடியைவிட உயர்ந்த தரமாகப் போட்டிருப்பதை நம்பி வாங்கியிருந்தால், 2007ல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனை நினைவில் இருக்கட்டும். எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ என்ற உயர்தர வட்டுகளின் இசையை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும் போட்டுக்காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியான விடை 276. பாதிதான்.

இப்படிச் சோதித்தால் பதற்றத்தில் காது மங்கிவிடும், உபகரணத்தோடு பல நாள் வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் என்று ஒரு வாதம் உண்டு. தாராளமாக வாழ்ந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள், ஆம்பின் முகப்பைத் துணியால் மூடி, எது ஓடுகிறது என்று மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்ததும் காணாமல் போகிற முன்னேற்றத்துக்குப் பதற்றத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஸ்பீக்கர் கேபிள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடைக்காரர் அடுத்து அங்கேதான் வருவார். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 10 மீட்டருக்கு 0.12 ஓம் அளவுக்கு மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு 0.13 டெசிபல். கடையில் இலவசமாகத் தரும் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் 0.4 டெசிபல் பக்கம் போகும், அதை மாற்றலாம். எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் ஒயரே போதும்.

இனி அறை. என் கணக்கில் பணத்தை எடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. நம் ஹால்களில் ஒரு ஸ்பீக்கர் ஷோகேஸ் மேலும் இன்னொன்று ஃப்ரிட்ஜ் பக்கத்து மூலையிலும் இருப்பது வழக்கம். 10க்கு 12 அடி அறையில், சுவருக்குச் சுவர் கணக்கில், 47 ஹெர்ட்ஸ், 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கி நிற்கும். கான்கிரீட் சுவர் அதை வெளியேயும் விடாது. ஓரிடத்தில் பேஸ் பொங்கும், நாலடி தள்ளி வறண்டுவிடும். இந்த ஏற்ற இறக்கம் 10 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். இதற்கு முன்னால் டிஏசியின் வித்தியாசம் எந்த மூலைக்கு!

அதே 100 ஹெர்ட்ஸ் டோன் ஆப்பில் 40லிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே அறைக்குள் நடந்து பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று தெரியும். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுத்து, உங்களோடு சேர்த்து ஒரு முக்கோணமாக, ட்வீட்டர் (மேல் ஸ்வரங்களைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் வரும்படி வையுங்கள். பின்சுவரிலிருந்து அரையடி, ஒரு அடி என்று நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். தரையில் ஒரு தடித்த ஜமக்காளம் விரித்தால் டைல்ஸின் எதிரொலி குறையும். பேஸை அது தொடாது. அறையின் ஒலியை அளக்கும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவெடுக்கும் மைக்கும் கிடைத்தால் படமாகவே பார்த்துவிடலாம்.

அப்படியே ஒயரின் சிவப்பு, கறுப்பையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போயிருந்தால் பேஸ் காணாமல் போய், நடுவில் நிற்கவேண்டிய பாடகர் குரல் அறை முழுக்கப் பரவித் திரியும். ஆம்பை அணைத்துவிட்டு ஒரு பக்கம் மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பேஸ் கூடினால் இத்தனை நாள் தப்பாக இருந்திருக்கிறது, குறைந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

ஆம்ப் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருப்பது 50 வாட் என்றால் 100 வாட்டுக்குப் போவதில் கிடைப்பது 3 டெசிபல்தான். ஹாலில் சாதாரணமாகக் கேட்கும் அளவுக்குப் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்கு ஒன்றிரண்டு வாட் போதும். சத்தமாக வைக்கும்போது குரல் கரகரத்தாலோ, உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமுக்கும் கீழே இறங்கும் ரகமாக இருந்து ஆம்ப் சூடேறி நின்றாலோ மாற்றுவதில் நியாயம் உண்டு. வால்வு ஆம்ப்களின் ஒலி மாறித்தான் கேட்கும், ஆனால் அது ஸ்பீக்கரின் மின்தடைக்கு ஏற்ப வளையும் ஒரு ஈக்வலைசர் போன்றது, தரம் வேறு விஷயம். 1985ல் பாப் கார்வர் என்ற ஆம்ப் வடிவமைப்பாளர், தன் மலிவான ஆம்பைச் சில நாளில் திருத்தி, பல மடங்கு விலையுள்ள ஒரு ஆம்பைப் போலவே ஒலிக்க வைக்கிறேன் என்று ஸ்டீரியோஃபைல் என்ற ஆடியோ இதழிடம் பந்தயம் கட்டினார். திருத்தி முடித்தபின் அந்த இதழின் ஆட்களாலேயே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைக்காரரிடம், ஆம்பை வார இறுதிக்கு மட்டும் வீட்டுக்குக் கொடுங்கள், முன்பணம் வைக்கிறேன் என்று கேளுங்கள். கடையிலேயே போட்டுக் காட்டுகிறேன் என்றால் மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அதற்கு முன் டிஏசியின் ரிட்டர்ன் தேதி தாண்டவில்லையா என்று பில்லைப் பார்த்துவிடுங்கள். நாள் இருந்தால் முதல் சோதனை அதற்குத்தான்.