தையல் கேள்வி பதில்: கிளித்தட்டைப் போர்வையில் கீறலாமா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் பிள்ளை பிறக்க இருக்கிறது. எனக்கு முதல் பேரப்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் விளையாடிய கிளித்தட்டு, எட்டுக்கோடு, கொக்கான், தாயம், பனங்காய் வண்டில், பட்டம் எல்லாவற்றையும் ஒரே குவில்ட்டில் போட ஆசை. வண்டில் சில்லுக்குப் பெரிய பொத்தான், தாயத்துக்கு உண்மையான சோகி வைத்துத் தைக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?
(ஓர் அம்மம்மா, வெள்ளவத்தை)

பதில்: முதலில் அந்தச் சோகியையும் பொத்தானையும் திரும்பப் பெட்டிக்குள் போடுங்கள் அம்மா. நானும் உங்களைப் போலத்தான், என் மருமகனுக்கு ஒரு விரிப்புத் தைத்தபோது ஏழு சோகியை இரட்டை நூலில் இறுக்கித் தைத்து, ஆனை இழுத்தாலும் வராது என்று பெருமை பேசினேன். ஆனை இழுக்கவில்லை, ஒன்பது மாதப் பிள்ளை இரண்டு பல்லால் ஒரு பின்னேரம் முழுக்கச் சப்பி நூலை அறுத்து ஒன்றை வாய்க்குள் வைத்திருந்தது. நல்ல காலம், கன்னம் உப்பியிருந்ததை மச்சாள் கண்டுவிட்டாள். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும் எதிலும் பொத்தான், மணி, சோகி, நீளமான றிபன் வேண்டவே வேண்டாம். எல்லாம் தட்டையாக, துணியிலும் நூலிலும்தான் இருக்க வேண்டும்.

சரி, இனி ஆசைக்கு வருவோம். எங்கள் விளையாட்டுகளில் முக்கால்வாசி மண்ணில் கீறிய கோடுகள்தான், கடையில் வாங்கிய சாமான் ஒன்றும் இல்லை. குவில்ட்டிலும் கோடு வேண்டும், ஏனென்றால் மேல்துணி, நடுப்படை, அடித்துணி மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தே ஆக வேண்டும். அந்தத் தையலையே கிளித்தட்டாகப் போட்டுவிடுங்கள். 36 அங்குல அகலம், 45 அங்குல நீளத்தில் மண் நிறத் துணி எடுங்கள். நீளவாட்டில் நடுவில் ஒரு கோடு, அதுதான் மறிக்கும் பக்கத்துத் தலைவரான கிளி ஓடும் கோடு. குறுக்கே 9 அங்குலத்துக்கு ஒன்றாக நாலு கோடு, அவை மறிப்பவர்கள் நிற்கும் கோடுகள். இப்போது 18க்கு 9 அங்குலத்தில் பத்துப் பெட்டி கிடைக்கும். தடித்த வெள்ளை நூலில் சங்கிலித் தையல் போட்டால் சுண்ணாம்பால் கீறியது போலவே இருக்கும்.

பத்துப் பெட்டியையும் நிரப்ப வேண்டாம். ஆறில் படம் போதும், நடுப்பக்கமாக அடுத்தடுத்த நாலு பெட்டி வெறுமையாக இருக்கட்டும், பிள்ளை கிடக்கப்போவது அங்கேதான். வெறும் பெட்டிகளிலும் நாலைந்து அங்குலத்துக்கு ஒரு நூலோட்டம் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு முறை தோய்த்ததும் நடுப்படை மூலையில் போய்ச் சுருண்டு கிடக்கும்.

பனங்காய் வண்டிலுக்குக் கறுப்பும் மண்ணிறமும் கலந்த துணியில் இரண்டு வட்டம் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நுங்கு தோண்டிய மூன்று கண்ணை வெளிர் துணியில் ஒட்டித் தைத்தால் போதும், பொத்தான் கேட்காது. அச்சுக்கும் கவர்த்தடிக்கும் இரண்டு சிறு பட்டி. ஓரங்களைக் கம்பளித் தையலால் (பிளாங்கெட் ஸ்டிச்) நெருக்கமாகப் பிடியுங்கள். பட்டத்துக்கு எட்டுமூலைப் பட்டமே எடுங்கள், ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றைத் திருப்பி வைத்தால் எட்டு மூலையும் வந்துவிடும். வாலை மட்டும் நூலால் வரையுங்கள், தொங்கவிட வேண்டாம். கொக்கானுக்கு ஐந்து சாம்பல் நிறத் துண்டு, ஒன்று மற்றதைப் போல இல்லாமல். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது கல் இல்லை, மாத்திரை!

கேள்வி: நல்ல கொட்டன் துணி கொழும்பில் எங்கே? கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டன் என்கிறாரே.
(பம்பலப்பிட்டி)

பதில்: புறக்கோட்டை பிரதான வீதி, கெய்சர் வீதிப் பக்கம் காலையில் போங்கள், ஞாயிறில் பல கடை பூட்டு. ஓரத்தில் ஒரு நூல் உருவி வந்து வீட்டில் கொளுத்திப் பாருங்கள். கொட்டன் கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கறுத்து மணி போல இறுகும். கடைக்குள் கொளுத்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு நேர்த்தையல் மட்டும்தான் வரும். படம் வெட்டி ஒட்டுவதெல்லாம் முடியாது. அக்காவின் பிள்ளைக்கு ஏதாவது விளையாட்டு வடிவில் தைக்கலாமா?
(கொட்டாஞ்சேனை)

பதில்: பாம்பும் ஏணியும் இருக்கிறதே தங்கச்சி! பத்துக்குப் பத்து, 100 சதுரம், எல்லாம் நேர்த்தையல். தைத்து முடிந்ததும் ஒரு சதுரம் 4 அங்குலமாக இருக்க, கால் அங்குலத் தையல் விளிம்பு இரு பக்கமும் சேர்த்து நாலரை அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். 45 அங்குல அகலத் துணியில் கணக்குக்கு 10 வரும், கரை போனால் 9தான். இரண்டு நிறத்தில் 50 சதுரம் வீதம் என்றால் ஒவ்வொன்றிலும் முக்கால் யார், சுருங்குவதையும் பிழையாக வெட்டுவதையும் நினைத்து ஒரு யார் வாங்குங்கள். அடித்துணி ஒன்றரை யார், விளிம்புக்கு அரை யார். முடிந்த போர்வை 40 அங்குலச் சதுரம்.

வளைந்த பாம்பை எப்படித் தைப்பது என்று கேட்பீர்கள். துணியை மூலைவாட்டில் பட்டியாக வெட்டினால் அது இழுபடும், வளைத்த பக்கம் வளையும், நேராக வெட்டிய பட்டி அப்படி வளையாமல் சுருக்கு விழும். மூன்று பாம்பு, நாலு ஏணி போதும். இலக்கம் எழுதப் போகாதீர்கள், நான் ஒருமுறை 37 வரை எம்பிராய்டரி போட்டு, கழுத்து நொந்து, அதோடு விட்டுவிட்டேன்.

கேள்வி: நடுவில் என்ன வைப்பது? கடையில் தடித்த பஞ்சுப் படைதான் தந்தார்கள். அப்புறம், முதல் தோய்ப்பிலேயே சிவப்புச் சாயம் வெள்ளையில் ஏறிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேனே!
(தெஹிவளை)

பதில்: கொழும்பு வெக்கைக்கு அந்தத் தடித்த பொலியெஸ்டர் படை வேண்டாம், பிள்ளைக்கு வியர்க்கும். தோய்த்துத் தோய்த்து மெத்தென்றான பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்து வைத்தால் போதும், இல்லாவிட்டால் ஒரு படை பிளனல். சரிகைக் கரையை வெட்டி எறியுங்கள், பிள்ளையின் தோலைக் கீறும். தோய்த்தால் நடுப்படை வரை நன்றாகக் காய வேண்டும், வைகாசி தொடங்கிப் பெய்யும் மழை நாட்களில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் நிச்சயம்.

உப்பும் வினாகிரியும் இப்போதைய சாயத்தைப் பிடித்து வைக்காது, பாட்டி சொன்னாலும். ஏறிய சாயம் காய முன்பே, சவர்க்காரத் தூள் கலந்த நிறையச் சுடுதண்ணீரில் முழுப் போர்வையையும் ஊறவிட்டு, தண்ணீர் நிறம் மாறாமல் வரும் வரை மாற்றுங்கள். காய்ந்துவிட்டாலோ, அயன் பண்ணிவிட்டாலோ கஷ்டம்தான், ஆனாலும் ஒருமுறை முயன்று பாருங்கள். அடுத்த முறை வெட்ட முன்பே ஒவ்வொரு துணியையும் தனித்தனியே தோய்த்து, வெள்ளைத் துணியை நனைத்து மேலே தேய்த்துப் பாருங்கள்.

கேள்வி: மூன்று மாதம் இருந்து தைத்த குவில்ட்டை, தொட்டிலில் பிள்ளைக்குப் போர்த்த மருமகள் விடுகிறாள் இல்லை. அலுமாரியில் கிடக்கிறது. மனம் நோகிறது.
(கல்கிசை)

பதில்: நோகும்தான் அம்மா, ஆனால் மருமகள் சொல்வது சரி. ஒரு வயது வரை பிள்ளை தூங்கும் இடத்தில் தளர்ந்த போர்வை, தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, முகத்தில் ஏறினால் விலக்கத் தெரியாது. குழந்தை வைத்தியர்களும் இதைத்தான் சொல்வார்கள். ஏணையில் படுக்கவைத்தாலும் இதே கதைதான். உங்களைக் குறைத்து மதிக்கிறாள் என்று எடுக்காதீர்கள், நாங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

அலுமாரியிலிருந்து எடுத்து, பகலில் பிள்ளை விழித்திருக்கும்போது நிலத்தில் விரியுங்கள். குப்புறக் கிடத்துங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். மெல்லத் தலையைத் தூக்கும், எதிரே இருக்கும் சிவப்புப் பட்டத்தைப் பார்க்கும், கையை நீட்டும், எட்டாமல் கத்தும். பிறகு ஒருநாள் எட்டிப் பிடித்து அப்படியே வாய்க்குள் வைக்கும். சாயம் போகிறதா என்று முதலே பார்க்கச் சொன்னது அதற்குத்தான்.