பெரிய திரையா, தெளிவான எழுத்தா?

கேள்வி: நாள் முழுக்க கோடிங் வேலை. 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் சாயங்காலத்துக்குள் கண் எரிகிறது. 32 அங்குலத்தில் வளைந்த திரை வாங்கட்டுமா? – ஒரு வாசகி

பதில்: வளைவு இருக்கட்டும், முதலில் எழுத்தைப் பாருங்கள். இப்போது உங்களிடம் இருப்பதில் அங்குலத்துக்கு சுமார் 92 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள். இவை கூடினால் எழுத்து தெளியும். அதே ஃபுல் எச்டியை 32 அங்குலத்தில் வாங்கினால் 69 ஆகிவிடும். எழுத்து பெரிதாகும், தெளியாது. 27 அங்குலத்தில் 2560 x 1440 என்றால் 109. அதே அளவில் 4கே (3840 x 2160) என்றால் 163.

நான் வைத்திருப்பது 27 அங்குல 4கே, எழுத்தையும் படத்தையும் ஒன்றரை மடங்காகக் காட்டும் 150 சதவீத ஸ்கேலிங்கில். பழைய திரையில் ஒரு அரைப்புள்ளியை முக்காற்புள்ளி என்று நினைத்து அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டவன் நான். கோடுக்கு நடுவே குறிப்பாக எழுதும் கமெண்டில் தமிழ் எழுதினால் ‘ணூ’வும் ‘னூ’வும் ஒன்றுபோலத் தெரியும்!

வாங்கிய அன்று மவுஸ் தத்தித் தத்தி நகர்ந்தது. திரை பழுது என்று பெட்டியில் கட்டியும் விட்டேன். கோளாறு என் லேப்டாப்பில் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில். அதில் 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது நொடிக்கு 30 முறைக்கு மேல், வராது. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு போர்ட்டில் செருகியதும் 60 வந்தது. உங்கள் கணினியில் எந்த போர்ட் இருக்கிறது என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

பேனலில், அதாவது திரை வகையில், ஐபிஎஸ் போதும். கறுப்புப் பின்னணியில் வேலை செய்பவர் என்றால் விஏ என்ற வகை வேண்டாம். பலவற்றில் ஸ்க்ரோல் செய்யும்போது எழுத்து இழுபடும்.

கண் எரிச்சலுக்குத் திரை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தாளைவிடத் திரை பளீரென்று இருந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இதை இன்றைக்கே செய்யலாம்.