கூட்டுப்படையில் யாருக்கு என்ன பங்கு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உக்ரைனுக்குப் படை அனுப்புவதா வேண்டாமா என்று ஐரோப்பிய நாடுகள் 2025-இலிருந்து கூடிக் கூடிப் பேசுவதாலோ என்னவோ, பல நாட்டுப் படைகள் சேர்ந்து போருக்குப் போவது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கேள்விகளுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை.

1991 வளைகுடாப் போரில், குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக்கை 35 நாடுகள் எதிர்த்ததாகப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 35-உம் சண்டை போட்டனவா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், உசிலம்பட்டி)

இல்லை. தேர்வில் உங்கள் புத்தகம் சொல்லும் எண்ணையே எழுதுங்கள். ஆனால் அந்த எண் 34-இலிருந்து 40-க்கு மேல் வரை நூலுக்கு நூல் மாறும். எதைப் பங்கு என்று கணக்கு வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

அமெரிக்கா ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கியது. பிரிட்டன் சுமார் 50,000 பேர், எகிப்து 35,000 அளவில், பிரான்ஸ் 18,000 அளவில். அதற்கப்புறம் எண்ணிக்கை சரசரவென இறங்கும். வங்கதேசம் 2,000 சொச்சம், செனகலும் நைஜரும் ஆளுக்கு ஐந்நூறு பேர் போல. செக்கோஸ்லோவாக்கியா அனுப்பியது இரசாயன ஆயுதத்தைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்யும் இருநூறு பேர் கொண்ட பிரிவு. சுவீடன் அனுப்பியது மருத்துவமனை. ஜப்பான் துப்பாக்கியே தூக்காமல் 1,300 கோடி டாலர் கொடுத்தது. சிரியா படை அனுப்பியது, ஆனால் ஈராக் மண்ணில் கால் வைக்க மாட்டோம் என்றது.

உசிலம்பட்டிக்காரருக்கு மொய் நோட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதோடு, அதை எந்தக் காரியத்தை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதும் அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்குப் புரியும். கூட்டுப்படைப் பட்டியலையும் அப்படித்தான் படிக்க வேண்டும். எகிப்து அமெரிக்காவுக்குத் தர வேண்டியிருந்த ஏறத்தாழ 700 கோடி டாலர் இராணுவக் கடன் தள்ளுபடியானது. மறுபக்கம் யேமனைப் பாருங்கள். 1990 நவம்பர் 29 அன்று, ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் 678-ஆம் தீர்மானம் பாதுகாப்பு அவையில் வந்தபோது, கியூபாவும் யேமனும் மட்டும் எதிர்த்து வாக்களித்தன. யேமனுக்கு வந்துகொண்டிருந்த அமெரிக்க உதவி வெட்டப்பட்டது. அந்த நெருக்கடியில் யேமன் எடுத்த நிலைக்காக, சவூதியில் வேலை பார்த்த லட்சக்கணக்கான யேமனியர்களும் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

பட்டியலில் வராத ஒரு பங்கும் உண்டு. இஸ்ரேல் மீது ஈராக் ஸ்கட் ஏவுகணைகளை வீசியது. இஸ்ரேல் திருப்பி அடித்தால் அரபு நாடுகள் கூட்டணியிலிருந்து கழன்றுகொள்ளும் என்பதே ஈராக் அதிபர் சதாமின் கணக்கு. இஸ்ரேலை அடக்கி உட்கார வைக்க அமெரிக்கா படாத பாடு பட்டது. அந்தப் போரில் மிக மதிப்புள்ள பங்களிப்புகளில் ஒன்று, ஒரு நாடு களத்துக்கு வராமல் இருந்ததுதான் என்பேன்.

அப்போது நான் குவைத்தில் இருந்தேன். ஜோர்டானின் தலைநகர் அம்மான் வழியாகத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். இந்தியா ஏன் படை அனுப்பவில்லை? (மேலூர் வாசகர்)

உங்களைப் போன்றவர்கள் அங்கே இருந்தது ஒரு பெரிய காரணம். ஈராக்கிலும் குவைத்திலும் ஒன்றே முக்கால் லட்சத்தை ஒட்டிய இந்தியர்கள் சிக்கியிருந்தார்கள். அவர்களை வெளியே கொண்டுவர பாக்தாத்தோடு பேச்சுவார்த்தை அறுந்துவிடக் கூடாது. எண்ணெய் இன்னொரு காரணம். அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

ஆனால் முழுக்க ஒதுங்கியும் நிற்கவில்லை. 1991 ஜனவரியில் சந்திரசேகர் அரசு, அமெரிக்க இராணுவ விமானங்கள் மும்பை உள்ளிட்ட நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள அனுமதித்தது. விஷயம் வெளியே வந்ததும் பெரிய சர்ச்சை. அரசைத் தாங்கி நின்ற காங்கிரஸே எதிர்க்க, பிப்ரவரியில் அந்த அனுமதி நின்றது.

வேறு நாட்டு அதிகாரி உத்தரவு போட்டால் நம் சிப்பாய் கேட்டுத்தான் ஆக வேண்டுமா? (கல்லூரி மாணவி, திருமங்கலம்)

இந்த முறை வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கூட்டுப்படை என்றாலே ஒரு தளபதி, ஒரு கட்டளை என்று நினைத்துக்கொள்கிறோம். நடப்பு அப்படியில்லை. எந்த அரசும் தன் படை மீதான முழு அதிகாரத்தை வெளியாளிடம் ஒப்படைப்பதில்லை. இந்த வேலைக்கு, இந்த எல்லைக்குள், இத்தனை நாளைக்கு என்று அளந்து கொடுக்கும். சம்பளம், தண்டனை, பதவி உயர்வு, திரும்ப அழைக்கும் உரிமை எல்லாம் சொந்த நாட்டிடமே இருக்கும். மிகப் பெரிய விதிவிலக்கு தென்கொரியா. கொரியப் போர் தொடங்கிய 1950 ஜூலை வாக்கில், தலைநகரை இழந்து தெற்கே தள்ளப்பட்டுக்கொண்டிருந்த நிலையில், அதிபர் சிங்மன் ரீ தன் படைகளை ஐ.நா. படைத் தளபதியான அமெரிக்கர் மெக்கார்தரின் கட்டளைக்குக் கீழ் விட்டார்.

1991-இல் தலைமையே இரண்டு. மேற்கத்தியப் படைகளுக்கு அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃப், அரபுப் படைகளுக்கும் அவற்றோடு நின்ற இஸ்லாமிய நாடுகளின் படைகளுக்கும் சவூதி இளவரசர் காலித் பின் சுல்தான். முஸ்லிம் நாட்டுப் படை அமெரிக்கத் தளபதிக்குக் கீழே போனது என்று எந்தத் தலைநகரிலும் யாரும் சொல்லிவிடக் கூடாதே! குவைத் நகருக்குள் அரபுப் படைகளை முன்னே போகவிட்டதும் அதே கௌரவப் பிரச்சினைதான்.

இரண்டாவது விஷயம் நிபந்தனைகள். 'இரவில் ரோந்து போக மாட்டோம்', 'இந்த மாகாணத்தைத் தாண்ட மாட்டோம்' என்று ஒவ்வொரு நாடும் ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்துத்தான் படையை அனுப்பும். ஆப்கானிஸ்தானில் ஜெர்மானியப் படைகள் பெரும்பாலும் வடக்கிலேயே இருந்தன. தெற்கே சண்டை கடுமையான இடங்களில் பிரிட்டன், கனடா, டென்மார்க், நெதர்லாந்து வீரர்கள் விழுந்துகொண்டிருந்தபோது இது நேட்டோவுக்குள் பெரிய மனக்கசப்பை உண்டாக்கியது. 2003 படையெடுப்புக்குப் பிறகு ஈராக்கின் சமாவா நகருக்கு ஜப்பான் சுமார் 600 பேரை அனுப்பியது. சாலை, தண்ணீர், பள்ளிக்கூடச் சீரமைப்பு வேலைகள். அவர்களுடைய அரசியல் சட்டம் சண்டைக்கு இடம் தராததால், அந்தப் பகுதியின் பாதுகாப்பை முதலில் டச்சுக்காரர்களும் பிறகு பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகளும் பார்த்தன.

உத்தரவை மறுத்த கதையும் இருக்கிறது. 1999 ஜூனில் ரஷ்யத் துருப்புகள் திடீரென்று கொசோவோவின் பிரிஸ்டினா விமான நிலையத்துக்குத் தரைவழியே வந்து அதைப் பிடித்துக்கொண்டன. நேட்டோவின் தலைமைத் தளபதி, அமெரிக்கரான வெஸ்லி கிளார்க், ஓடுபாதையை மறிக்கச் சொன்னார். களத்தில் இருந்த பிரிட்டிஷ் தளபதி மைக்கேல் ஜாக்சன் முடியாது என்றார். லண்டன் அவர் பக்கம் நின்றது. உத்தரவு அப்படியே செத்துப்போனது. உங்கள் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

கொரியப் போரில் லக்சம்பர்க் எல்லாம் கலந்துகொண்டதாமே, உண்மையா? (வாசகர், சோழவந்தான்)

உண்மை. தென்கொரியாவுக்காக ஐ.நா. கொடியின் கீழ் போர்ப்படை அனுப்பிய 16 நாடுகளில் அதுவும் ஒன்று. பெல்ஜியப் பட்டாலியனுக்குள் ஒரு சின்னப் பிரிவு. எத்தியோப்பியாவும் கொலம்பியாவும்கூட ஆளுக்கொரு பட்டாலியன் அனுப்பின. துருக்கி ஒரு முழுப் படைப்பிரிவையே அனுப்பிக் கடுமையாக இரத்தம் சிந்தியது. அந்த இரத்தமும் கைகொடுக்க, 1952-இல் நேட்டோவில் சேர்ந்தது.

முன்னாள் இராணுவத்தினன் நான். கொரியாவில் இந்தியா என்ன செய்தது என்று என் பேரனுக்குச் சொல்ல வேண்டும். (டி.கல்லுப்பட்டி)

ஐயா, பெருமையாகவே சொல்லலாம். இந்தியா சண்டைக்குப் படை அனுப்பவில்லை. 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ், நம் தமிழர். 1950 இறுதியில் சீனப் படை உள்ளே நுழைந்து ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது, மருத்துவக் கருவிகளை விட்டுவிட்டு ஓட இவர்களுக்கு மனமில்லை. ஒரு பழைய நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டி, சாமான்களோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள். 1951 மார்ச்சில் அமெரிக்க வான்குடைப் படை முன்சானில் குதித்தபோது, ரங்கராஜும் ஒரு சிறு குழுவும் கூடவே குதித்துக் களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

பேரன் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டாம் பாகத்தையும் சொல்லுங்கள். 1953-இல் சண்டை நின்றபின், ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளைக் காக்கும் வேலை இந்தியாவுக்கு வந்தது. அதற்கான நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைவர் இந்தியத் தளபதி திம்மையா, காவல் படைக்குத் தளபதி தோரட். இந்தியச் சிப்பாய் தென்கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சிங்மன் ரீ அடம்பிடித்ததால், இஞ்சியோன் துறைமுகத்தில் கப்பலிலிருந்தே ஹெலிகாப்டரில் ஏற்றிப் படை விலக்கப் பகுதியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

இலங்கைக்குப் போன அமைதி காக்கும் படை ஐ.நா. படையா? (மதுரை, பலர்)

இல்லை, கூட்டணிப் படையும் இல்லை. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் கையெழுத்திட்ட இருதரப்பு ஒப்பந்தத்தின் கீழ் போன, முழுக்க இந்தியக் கட்டளையில் இருந்த படை. 1990 மார்ச்சில் திரும்பியது. அதன் சரி தவறு வேறு விவாதம், அதற்கு இந்தப் பக்கம் போதாது.

எங்கள் சம்மட்டிபுரத்தில் கான்சாகிபு தர்கா இருக்கிறது. அவரை வீழ்த்தியது கூட்டுப்படைதானே? (வாசகர், சம்மட்டிபுரம்)

ஆமாம், ஆற்காட்டு நவாபும் ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்த படை. கம்பெனிக்கே சுபேதாராக இருந்து வளர்ந்து மதுரையை ஆண்டவர் கான்சாகிபு எனப்பட்ட யூசுப் கான் என்பது கூடுதல் கசப்பு. 1763-இல் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டு, மழைக்காலம் வந்ததும் விலகிப் போனார்கள். 1764-இல் மேஜர் காம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்து, ஜூனில் கோட்டை மீது ஏறிப் பார்த்துத் தோற்றார்கள். பிறகு பட்டினி போட்டார்கள். அதுவும் நேரடியாக முடிக்கவில்லை. கான்சாகிபின் கீழ் இருந்த பிரெஞ்சு அதிகாரி மர்ஷானும் உள்ளிருந்த சிலரும் அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அக்டோபர் 15 அன்று தூக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, துப்பாக்கியும் பீரங்கியும் கம்பெனியுடையவை, உரிமை கோரியது நவாப். கூட்டாளிகளில் ஒருவர் பலத்தையும் மற்றவர் நியாயத்தையும் கொண்டுவரும் இந்த ஏற்பாடு பின்னாளில் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. செலவுக் கணக்கு நவாபின் தலையில் ஏறிக் கடனாகி, கடைசியில் நவாபின் ஆட்சிப்பகுதியான கர்நாடகமே (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) கம்பெனி கைக்குப் போனது.

கூட்டணி தோற்ற கதை வேண்டுமென்றால் அதற்கும் மதுரைதான். தலையாலங்கானத்தில் சேரன், சோழன், ஐந்து வேளிர் என எழுவரும் சேர்ந்து வந்து இளம்பருவத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் தோற்றதைச் சங்கப் பாடல்கள் பெயர் பெயராகச் சொல்கின்றன. ஏழு படைக்கும் தலைமை யாரிடம் இருந்தது என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. என் சந்தேகம் அங்கேதான்.

2003-இல் ஈராக் போருக்கு அமெரிக்கா சொன்ன 'விருப்பமுள்ளவர்களின் கூட்டணி'யில் எத்தனை பேர் நிஜம்? பாதியில் விலகினால் என்ன ஆகும்? (வழக்கறிஞர், மதுரை)

வெள்ளை மாளிகைப் பட்டியலில் 48 நாடுகள் வரை இருந்தன. படையெடுப்பில் தரைப்படை இறக்கியவை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, போலந்து. ஐஸ்லாந்து, பலாவ், கோஸ்டா ரிகா போல இராணுவமே இல்லாத நாடுகளும் பட்டியலில் இருந்தன. கோஸ்டா ரிகாவின் நீதிமன்றம் 2004-இல் பெயரை எடுக்கச் சொன்னது. உங்கள் தொழிலுக்குச் சுவையான வழக்கு அது. இந்தியாவிடமும் கேட்டார்கள். ஐ.நா.வின் தெளிவான ஆணை இல்லாமல் அனுப்ப முடியாது என்று 2003 ஜூலையில் வாஜ்பாய் அரசு சொல்லிவிட்டது.

விலகுவதைச் சட்டப்படி யாரும் தடுக்க முடியாது. ஆனால் சின்ன நாடு விலகினாலும் கூட இருப்பவர்களையும் இழுத்துக்கொண்டு போகும். 2004 மார்ச் 11 மாட்ரிட் குண்டுவெடிப்புக்கு மூன்று நாள் கழித்து ஸ்பெயினில் நடந்த தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. புதிய பிரதமர் சபதேரோ தேர்தலில் சொன்னபடியே சுமார் 1,300 பேரைத் திரும்ப அழைத்தார். ஸ்பெயினின் படைப்பிரிவோடு சேர்ந்திருந்த ஹோண்டுராஸும் டொமினிக்கன் குடியரசும் பின்னாலேயே கிளம்பின. அதே பிரிவில் இருந்த எல் சால்வடோர் மட்டும் 2009 தொடக்கம் வரை தங்கியது.