இலவச பஸ் யார் காசு? – கடிதம்

வணக்கம் சார்,

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை. சம்பளம் கைக்கு வருமுன்பே வருமான வரி போய்விடுகிறது. வெளியே வந்தால் குண்டும் குழியுமான சாலை. பிள்ளையின் படிப்பு, அப்பாவின் வைத்தியம் எல்லாம் கைக்காசு. என் வரிப்பணத்தில் பெண்களுக்கு இலவச பஸ் விடுகிறார்கள். டென்மார்க்கில் இதைவிட அதிகம் கட்டியும் மகிழ்ச்சியாக இருக்கிறார்களாம். இங்கே வரியைக் குறைப்பதுதானே நியாயம்?

ர.

அன்புள்ள ர.,

சாலையைப் பற்றிய உங்கள் கோபம் முழுக்க நியாயம். வரிக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன தொடர்பு என்று முதலில் பார்ப்போம். ஷிகேஹிரோ ஓயிஷி முதலான மூன்று உளவியலாளர்கள் 54 நாடுகளை ஒப்பிட்டு 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அரசு மொத்தமாக எவ்வளவு செலவழிக்கிறது என்பதற்கும் மக்களின் மனநிறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் நாடுகளில் மனநிறைவு கூடுதலாக இருந்தது. கல்வி, பொதுப் போக்குவரத்து போன்றவற்றில் மக்களுக்கு இருந்த திருப்தியே அதற்கு விளக்கமாக அமைந்தது.

டென்மார்க்கில் கடையில் வாங்கும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 25 சதவீத வரி. ஏழையும் கட்டுகிறார். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் வராது. பல்கலைக்கழகத்தில் கட்டணம் கிடையாது, படிக்கிற பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. நம் நாட்டிலோ 2021-22 கணக்குப்படி, மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் குடும்பங்களின் கைக்காசு. 2013-14-ல் இது 64.2 ஆக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அரசு கூடுதலாகச் செலவிட்டதற்கு அதில் பங்குண்டு. வரியைக் குறைத்து உங்களுக்கு மிச்சமாகும் பணம் அப்பாவுக்கு ஒரு ஆஞ்சியோ செய்தால் காணாமல் போய்விடும்.

'என் வரிப்பணம்' என்கிறீர்களே, அங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். ஹெப்பாலில் எங்கள் அபார்ட்மென்டில் வேலை செய்யும் அக்கா ஸ்ரீராமபுரத்திலிருந்து வருகிறார். அவர் வாங்கும் குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீத ஜிஎஸ்டி. உங்களுக்கும் அதே விகிதம்தான். ஆனால் அவர் சம்பாதிப்பது அத்தனையும் கடையிலேயே தீர்ந்துவிடுகிறது. முன்பெல்லாம் பஸ் காசுக்குப் பயந்து, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் மட்டுமே வேலை பார்த்தார். 2023 ஜூனில் கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் இலவசப் பயணம் தரும் சக்தி திட்டம் வந்தபின், கண்டக்டரிடம் ஆதாரைக் காட்டி பூஜ்ய ரூபாய் டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூடுதல் சம்பளம் தரும் வீடுகளுக்கு வருகிறார். வஜ்ரா ஏசி பஸ்ஸில் இலவசம் கிடையாது. சாதா பஸ் வரும்வரை நிற்கிறார். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அவருடைய மருமகளின் ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி, அதனால் அவள் மட்டும் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கிறாள். அதே வீட்டில் இருந்து, அதே சோப்பை வாங்குகிறவளுக்கு இது என்ன நியாயம்?

2025 ஜனவரியில் பஸ் கட்டணத்தை 15 சதவீதம் ஏற்றினார்கள். டீசல் விலை, ஊழியர் சம்பளம் என்று காரணம் சொன்னார்கள். கூலி வேலைக்குப் போகும் ஆணின் டிக்கெட்டில் அந்தச் சுமையை ஏற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. நம்மைப் போன்றவர்களின் வருமான வரியிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும்.

உங்கள் தெருக் குழிக்கு வருகிறேன். 2020 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தவில்லை. பல்லாயிரம் கோடி ரூபாய் பட்ஜெட்டை, நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் அதிகாரிகள் செலவிட்டார்கள். அந்தக் கோபத்தை உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். நானும் வருகிறேன்.