ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு பேதி: நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. பல் வலி தாங்க முடியவில்லை என்றார். வீட்டில் மீந்திருந்த கிளிண்டமைசின் மாத்திரையை 5 நாள் கொடுத்தேன், வலி போய்விட்டது. ஆனால் ஒரே ஒரு தடவை ஆன்டிபயாடிக் எடுத்தாலும் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா நிரந்தரமாக அழிந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மலப் பரிசோதனை அறிக்கையில் ‘ஈ.கோலை வளர்ந்துள்ளது, நோய்க்கிருமிகள் இல்லை’ என்று இருக்கிறது. ஈ.கோலை ஆபத்தான கிருமிதானே? குடல் பாக்டீரியாக்களைக் கணக்கெடுக்கும் பரிசோதனை செய்து பார்க்கலாமா? நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் எத்தனை மாதம் தர வேண்டும்? மாத்திரை முடிந்து ஒரு வாரம் கழித்து பேதி ஆரம்பித்தது. 4 நாளாகத் தண்ணீராக ஐந்தாறு தடவை போகிறது, லோபராமைடு கொடுத்துச் சமாளிக்கிறேன். அசிடிட்டிக்காக இரண்டு வருடமாக பான்டோபிரசோலும் எடுத்துக்கொள்கிறார். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. அம்மாவின் உடம்பை நானே கெடுத்துவிட்டேனா?

பதில்: லோபராமைடை இப்போதே நிறுத்துங்கள். அம்மாவை இன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றதை அதற்குப் பிறகு படிக்கலாம்.

இணையத்தில் படித்த பயத்தைக் கடிதத்தின் தலையில் வைத்திருக்கிறீர்கள். உண்மையாகவே கவனிக்க வேண்டியதைக் கடைசியில், போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வயது 65-க்கு மேல். கிளிண்டமைசின் எடுத்திருக்கிறார். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை நீண்ட நாளாக ஓடுகிறது. மாத்திரை முடிந்த சில நாளில் தண்ணீராகப் பேதி, அதுவும் ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல். இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசீல் என்ற பாக்டீரியாவை. மருத்துவர்கள் சுருக்கமாக சி.டிஃப் என்பார்கள்.

இந்தக் கிருமி வெளியே இருக்கும்போது வித்து வடிவத்தில், கெட்டியான ஓட்டுக்குள் உறங்குகிறது. மண்ணிலும் கழிப்பறைப் பரப்புகளிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் வாய்க்குள் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. காரணம், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள். கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களை அவை வேறு வகை அமிலங்களாக மாற்றுகின்றன. மாற்றப்படாத பித்த அமிலம் சி.டிஃப் வித்தை முளைக்கத் தூண்டும், மாற்றப்பட்டது முளைத்ததை வளரவிடாமல் அமுக்கும். இந்த மாற்றத்தைச் செய்யும் பாக்டீரியாக்கள் மிகச் சில இனங்கள்தான். கிளிண்டமைசின் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் குறிவைத்துக் கொல்லும் மருந்து. குடலில் பெரும்பான்மையோர் அந்த ரகம்தான், காவலுக்கு இருப்பவர்களும் அதில் அடக்கம். காவல் போனதும் வித்து முளைக்கிறது, இரண்டு நச்சுகளைச் சுரக்கிறது. அவை பெருங்குடல் சுவரின் செல்களைச் சுருங்கி உதிரச் செய்கின்றன. செல்களுக்கு நடுவே விழும் இடைவெளி வழியாக நீர் கசிகிறது. சந்தேகம் சரியென்றால், அதுதான் அம்மாவுக்குத் தண்ணீராகப் போவது.

லோபராமைடு இதில் எதையும் குணப்படுத்தாது, குடலின் அசைவை மட்டும் மந்தமாக்கும். நச்சு வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். இன்னும் மோசம், எத்தனை தடவை போகிறது என்ற கணக்கே பொய்யாகிவிடும். அந்தக் கணக்கை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக் எடுத்த எல்லோருக்கும் வரும் பேதி இதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போவது சாதாரணம், மருந்து நின்றதும் தானாக அடங்கும். உங்கள் அம்மாவுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு. மருந்து நின்ற பிறகு ஆரம்பித்து, நாளுக்கு நாள் தொடர்கிறது. சி.டிஃப் கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்திலும் வரும், இரண்டு மூன்று மாதம் கழித்தும் வரும். அதனால்தான் ‘மாத்திரைதான் அப்போதே முடிந்துவிட்டதே’ என்று பலர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பரிசோதனை சரியாக வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். நீங்கள் செய்தது சாதாரண மலக் கல்ச்சர், அதாவது மலத்தில் உள்ள கிருமிகளை வளர்த்துப் பார்ப்பது. அதில் சால்மோனெல்லா, ஷிகெல்லா போன்ற பேதிக் கிருமிகளைத்தான் தேடுவார்கள். சி.டிஃப்பைத் தேடச் சொல்லித் தனியாகச் சீட்டில் எழுதினால்தான் தேடுவார்கள். எனவே ‘நோய்க்கிருமிகள் இல்லை’ என்ற வரிக்கு உங்கள் அம்மா விஷயத்தில் மதிப்பே இல்லை. மருத்துவரிடம் ஒரே மூச்சில் இதைச் சொல்லுங்கள்: ‘மூன்று வாரத்துக்குள் 5 நாள் கிளிண்டமைசின் எடுத்தார், 4 நாளாகத் தண்ணீராகப் போகிறது, சி.டிஃப் நச்சு பார்க்க வேண்டுமா?’ மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு இல்லாமல் நாமாகக் கொடுத்தோம் என்று சொல்லக் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் கெட்டுப்போன உணவுதான் காரணம் என்று நினைத்துத் தவறான வழியில் போய்விடுவார்.

மல மாதிரி இளக்கமாக, போட்ட டப்பாவின் வடிவத்துக்கு மாறும்படி இருக்க வேண்டும். கெட்டியான மலத்தில் இந்தச் சோதனை செய்வதில் பயனில்லை. எடுத்த 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் குளிர்ச்சியில் வைக்கச் சொல்லுங்கள். அறை வெப்பத்தில் கிடந்தால் நச்சு சிதைந்து, நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரும். கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் சோதனை என்றால் அதை வைத்தே நோய் என்று முடிவுகட்ட முடியாது. சும்மா குடியிருக்கும் சி.டிஃப்பும் அதில் தெரியும். நச்சும் இருக்கிறதா என்று மருத்துவர் சேர்த்துப் பார்ப்பார். ரத்தத்தில் வெள்ளை அணுக்களும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வெள்ளை அணுக்கள் 15,000-ஐத் தாண்டினாலோ, கிரியேட்டினின் 1.5-க்கு மேல் ஏறினாலோ நோய் கடுமையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம்.

இப்போது சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். பேதி திடீரென்று நின்று, வயிறு உப்பி, தொட்டால் வலித்து, அம்மா சோர்ந்து படுத்துவிட்டால், ‘அப்பாடா, நின்றுவிட்டது’ என்று நினைக்காதீர்கள். பெருங்குடல் செயலிழந்து வீங்குகிறது என்று அர்த்தம். அது குடல் கிழியும் நிலைக்குப் போகலாம். நடு இரவு என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், மனக்குழப்பம், 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றுக்கும் இதே அவசரம்தான். ரத்தம் போகவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். இந்த நோயில் மலத்தில் ரத்தம் தெரிவது குறைவு.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது நீர்ச்சத்தைக் காப்பதுதான். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ் பொடியை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் 1 லிட்டரில், கரைத்து, ஒவ்வொரு தடவை போன பிறகும் ஒரு டம்ளர் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை ஏதாவது எடுக்கிறார் என்றால், பேதி நிற்கும் வரை அதைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உடம்பு வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

இனி ஈ.கோலை. மலத்தில் ஈ.கோலை வளர்ந்தது என்பது ஆற்றில் மீன் இருந்தது என்பது மாதிரி. 1885-இல் தியோடர் எஷரிஷ் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கண்டுபிடித்ததே ஆரோக்கியமான குழந்தைகளின் மலத்தில்தான். குடலில் வாழும் மொத்தக் கூட்டத்தில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆய்வகத் தட்டில் சுலபமாக வளர்வதால் அறிக்கையில் இதன் பெயர் முதலில் வருகிறது, அவ்வளவுதான். ரத்தப் பேதியையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும் சில வகைகள் உண்டு. அவற்றைப் பார்த்திருந்தால் வகையின் பெயரையே எழுதியிருப்பார்கள். இந்த வரியைக் காட்டி இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்கிவிடாதீர்கள்.

நீங்கள் உண்மையில் பயப்படும் கேள்விக்கு வருகிறேன். நிரந்தரமாக அழிந்துவிட்டதா? இல்லை. நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளியான கணக்கு சொல்கிறது, நம் சொந்த செல்கள் 30 லட்சம் கோடி. 5 நாள் மாத்திரை இந்தக் கூட்டத்தைத் துடைத்தெடுக்காது, கலைத்துவிடும். 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று வலிமையான ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து 4 நாள் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்தது. சில இனங்கள் மட்டும் ஆறு மாதத்திலும் திரும்பவில்லை. வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகலாம், ஆனால் பெரும்பாலும் திரும்பும். திரும்ப வருபவர்களுக்கு வேண்டியது தீனி, அதாவது நார்ச்சத்து. பேதி நின்ற பிறகு பருப்பு வகைகள், காய்கறி, முழுத்தானியம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நாரைத் தின்று அந்தப் பாக்டீரியாக்கள் தரும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய உணவு.

புரோபயாடிக் மாதக்கணக்கில் வேண்டாம். அதே 2018-இல் இன்னொரு ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள், எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாகத்தான் திரும்பின. பெட்டியில் இருப்பது ஒரு சில இனங்கள், குடலில் இருப்பது நூற்றுக்கணக்கில். பாக்டீரியாக் கணக்கெடுப்புப் பரிசோதனையும் வேண்டாம். எந்த அளவு இயல்பு என்று யாராலும் வரையறுக்கப்படாத ஒன்றை அளந்து வண்ணப் படமாகத் தருவார்கள். அதைப் பார்த்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்ற முடியாது.

சி.டிஃப் உறுதியானால் மருத்துவர் வேங்கோமைசினையோ ஃபிடாக்சோமைசினையோ வாய்வழியாக, வழக்கமாக 10 நாளுக்கு எழுதுவார். வேங்கோமைசினை நரம்பில் ஏற்றினால் பெருங்குடலுக்குள் போதிய அளவு வராது, விழுங்கத்தான் வேண்டும். ஆன்டிபயாடிக்கால் வந்ததற்கு இன்னொரு ஆன்டிபயாடிக்கா என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறதே என்று நீங்களாக ஆரம்பிக்கவும் வேண்டாம். முதியவர்களுக்கு அது முதல் தேர்வு அல்ல, பரிசோதனைக்கு முன்பே கொடுத்தால் முடிவையும் குழப்பும். பான்டோபிரசோல் இன்னும் தேவைதானா என்று அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் பதற வேண்டாம். கைக்குழந்தைகள் பலரின் குடலில் சி.டிஃப் இருந்தும் நோய் வருவதில்லை, நன்றாக விளையாடும் குழந்தைக்குப் பரிசோதனை செய்யாதீர்கள். ஆனால் ஒன்று: ஆல்கஹால் சானிடைசர் இந்த வித்தைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். கொல்வதற்காக அல்ல, தேய்த்து அடித்துப் போக. 20 விநாடி, விரல் இடுக்கும் நகக்கண்ணும் சேர்த்து. அம்மாவுக்கு முடிந்தால் தனிக் கழிப்பறை. இல்லையென்றால் இருக்கை, தண்ணீர் விடும் பிடி, குழாய்த் திருகு, கதவுக் கைப்பிடி இவற்றைத் தினமும் துடையுங்கள். 5 சதவீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, அன்றன்றைக்குக் கலந்தது. 10 நிமிடம் ஈரமாக இருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கழிப்பறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும். வீடு முழுக்கக் கிருமிநாசினி தெளிப்பது வீண் வேலை.

நீங்கள் கெடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். வலியைப் பார்க்கமுடியாமல் கொடுத்தீர்கள், கெடுக்க நினைத்துக் கொடுக்கவில்லை. ஆனால் மீந்த மாத்திரை செய்த வேலையாகத்தான் இது இருக்கும் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லுக்குள் நரம்பு அழற்சியால் வரும் வலிக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை, பல் மருத்துவர் பல்லைச் சரிசெய்ய வேண்டும். அந்தப் பல்லை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றால், இந்தப் பேதி அடங்கியதும் அது அடுத்த வேலை.

பெட்டியில் இன்னும் மீதி இருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்வதே பாக்டீரியாக்கள்தான். அங்கே மருந்து கரைந்து வந்தால், தாக்குப்பிடிப்பவை மட்டும் பெருகி, அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் கைமாற்றும். பழைய மருந்துகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்தகத்தில் கொடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் ‘கிருமி போய்விட்டதா’ என்று மறுபடி மலத்தைச் சோதிக்காதீர்கள். குணமானவர்களின் மலத்திலும் சில வாரம் அது தெரியும். ஒரு தாளில் தினமும் எத்தனை தடவை, எவ்வளவு இளக்கம் என்று மட்டும் குறித்து வாருங்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது, பெரும்பாலும் 8 வாரத்துக்குள். மறுபடி ஒரே நாளில் மூன்று தடவை தண்ணீராகப் போனால் பழைய சீட்டை நீட்டி மருந்து வாங்காமல் அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள், இரண்டாம் தடவைக்குச் சிகிச்சை முறை வேறு. இனி அம்மாவுக்கு எந்த மருத்துவர், எந்தப் பல் மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதினாலும், சி.டிஃப் வந்தவர் என்பதை அவர் பேனாவை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.