டி-யில் போட்டால் ஒரு இடி: கியர் பாக்ஸை இறக்கும் முன்

கேள்வி: என்னுடையது 2018 மாடல் பெட்ரோல் செடான், நாலு கியர் ஆட்டோமேட்டிக். 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதமாக பி-யிலிருந்து (பார்க்கிங்) டி-க்குப் (டிரைவ்) போட்டால் ‘டொம்’ என்று இடிக்கிறது. ஆர் (ரிவர்ஸ்) போட்டாலும் அப்படியே. ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும்போது இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியர் விழும் இடத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி ஓர் உதறல். காலையில் கம்மி, சாயங்கால டிராஃபிக்கில் அதிகம். சர்வீஸ் சென்டரில் ஓட்டிக்கூடப் பார்க்காமல், ‘கியர் பாக்ஸ் அசெம்பிளியே மாற்றணும், ஒன்றரை லட்சம் ஆகும்’ என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- வாசகர், மடிப்பாக்கம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சார். ஓட்டிப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனி தொல்லைகள் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. டி, ஆர் இரண்டிலும் ஒரே மாதிரி இடிக்கிறது என்றால், உள்ளே ஏதோ ஒரு கிளட்ச் மட்டும் போயிருக்க வாய்ப்பு குறைவு. முன்னால் போகவும் பின்னால் போகவும் பிடிக்கும் கிளட்சுகள் வேறு வேறு. இரண்டும் ஒரே நாளில் கெட்டுப்போவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான சங்கதியைத்தான் முதலில் பார்க்கணும். அதாவது இன்ஜின் மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானம்), ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்), ஆயில் பிரஷர்.

மவுண்டிங்கை நீங்களே சோதிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஓட்டத் தெரிந்த ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஃபுட் பிரேக்கை நன்றாக அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பேனட்டைத் திறந்து பக்கவாட்டில் நில்லுங்கள். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. அவர் ஆர், அப்புறம் டி என்று ஆக்சிலரேட்டரைத் தொடாமல் நிதானமாக மாற்றிப் போடட்டும். இன்ஜின் லேசாக அசையும், அது சகஜம். ஒரு பக்கம் குபீரென்று எழும்பி, பழைய இடத்தில் சத்தத்தோடு உட்கார்ந்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வெடிப்பு தெரியும். என் ஷெட்டுக்கு ‘கியர் பாக்ஸ் போச்சு’ என்று வந்து, மவுண்டிங் மாற்றியதோடு சரியாகிப் போன வண்டிகள் நிறைய. செலவும் அசெம்பிளி விலைக்குப் பக்கத்திலேயே வராது.

மவுண்டிங் நன்றாக இருந்தால் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகு ஏ.சி. இல்லாமல் 700, 800-ல் நிற்க வேண்டிய முள் 1,100-ல் நின்றால், டி போட்டதும் இடிக்கத்தான் செய்யும். இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலோ, எங்காவது காற்று கசிந்து உள்ளே போனாலோ இப்படி ஆகும். இன்னொரு விஷயம்: காலையில் ஸ்டார்ட் செய்த உடனே முள் மேலேதான் இருக்கும். அது கொஞ்சம் இறங்கும்வரை பொறுத்து டி போடுங்கள். வீட்டு வாசலில் ஆர் போட்டு எடுத்து, வண்டி முழுசாக நிற்பதற்குள் டி தள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடணும்.

இனி அந்த இரண்டு-மூன்று உதறல். காலையில் கம்மி, சாயங்காலம் அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதாவது சூடானால்தான் தொல்லை. அந்த வரி எனக்கு ரொம்ப உதவி. என் சந்தேகம் ஆயில் மேலேதான். கியர் பாக்ஸ் ஆயில் வெறும் உராய்வைக் குறைக்க மட்டும் இல்லை. உள்ளே கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதே அந்த ஆயிலின் பிரஷர்தான். எந்த நேரத்தில் எந்த கிளட்சுக்கு எவ்வளவு பிரஷர் போகணும் என்பதை வால்வ் பாடியில் இருக்கும் சோலனாய்டுகள் (மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள்) பார்த்துக்கொள்கின்றன. ஆயில் பழசாகி, சூட்டில் நீர்த்து, அழுக்கும் சேர்ந்தால் சோலனாய்டு திக்கும். கிளட்ச் மெதுவாகப் பிடிக்க வேண்டிய இடத்தில் ‘டக்’கென்று பிடிக்கும். அதுதான் முதுகில் விழும் தள்ளு.

டிப்ஸ்டிக் இருக்கும் மாடல் என்றால் ஒரு சொட்டு ஆயிலை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் விடுங்கள். பெரும்பாலான ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) புதுசில் சிவப்பாக, கண்ணாடி மாதிரி இருக்கும். பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடையும் அடித்தால் கிளட்ச் தட்டு கருகியிருக்கலாம். பேப்பரை வெயிலில் பிடித்துத் திருப்பும்போது மினுமினுவென்று இரும்புத்தூள் தெரிந்தால் மட்டுமே கியர் பாக்ஸை இறக்கும் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்வேன். அளவு பார்க்கும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலானவற்றில் சூடான பிறகு இன்ஜின் ஓடும்போதே பார்க்கணும், சிலவற்றில் அணைத்துவிட்டு. உங்கள் மேனுவலில் போட்டிருப்பார்கள். டிப்ஸ்டிக்கே இல்லாத மாடல் என்றால் லிஃப்டில் ஏற்றி, ஆயில் சூட்டை அளந்து, செக் பிளக் வழியாகப் பார்க்க வேண்டிய வேலை அது. வீட்டில் செய்ய வராது.

ஆயில் மாற்றும்போது மேனுவலில் சொன்ன ரகத்தையே வாங்குங்கள். ‘எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் ஆகும் சார்’ என்று ஜி.பி. ரோடு கடையில் ஒரு டின்னைக் காட்டுவார்கள்; ரகம் மாறினால் நல்ல கியர் பாக்ஸும் உதற ஆரம்பிக்கும். ஒருதடவை டிரெய்ன் செய்தால் முழு ஆயிலும் வராது, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். அதனால் வடித்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி வடிக்கச் சொல்வேன். மெஷின் போட்டு ஃப்ளஷ் செய்வது, 82,000 வரை ஆயிலே மாற்றாத வண்டி என்றால் எனக்கு உடன்பாடில்லை. ‘இது ஆயுசுக்கும் மாற்றத் தேவையில்லாத ஆயில்’ என்று சொன்னால், மே மாதம் மாலை ஆறு மணிக்கு கத்திப்பாராவில் ஊர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடலாம். பி0700 என்று மட்டும் வந்தால் அது ‘கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ சொல்கிறது’ என்ற தகவல் மட்டுமே. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் போய்ப் படித்தால்தான் எந்த சோலனாய்டு, எந்த சென்சார் என்று தெரியும். மழைத் தண்ணீரில் எப்போதாவது வண்டி நின்றதா என்றும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் அது நடக்காத விஷயம் இல்லை. கியர் பாக்ஸ் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால், சிக்னல் சரியாகப் போகாமல் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகப் பிரஷரை ஏற்றிவிடும். அப்போது எல்லா கியரும் இடித்துத்தான் விழும்.

கேள்வி: புதிதாக ஏ.எம்.டி. கார் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கியருக்கும் தலை ஆடுகிறது. மாலில் பேஸ்மென்ட் சரிவில் ஏறும்போது வண்டி தயங்கி, பின்னால் உருண்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா?
- வாசகி, பெரும்பாக்கம்

பதில்: ஆயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை மேடம். மேலே நான் சொன்ன எதுவும் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. ஏ.எம்.டி. என்பது சாதா மேனுவல் கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதித்து கியர் போடும் வேலையை ஒரு மெஷின் செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ காரில் வந்ததிலிருந்து நம் ஊரில் விலை குறைந்த ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் இதுதான். கியர் மாறும் நேரத்தில் இழுவை ஒரு கணம் விட்டுப்போவதால் தலை ஆடுகிறது. கியர் மாறப்போகிறது என்று தெரியும்போது காலை லேசாகத் தளர்த்துங்கள், பாதி ஆட்டம் போய்விடும். ஒரே வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

சரிவில் மேனுவல் மோடில் முதல் கியரில் வையுங்கள். நிற்க வேண்டி வந்தால் ஆக்சிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள், கிளட்ச் கருகும். ஹேண்ட் பிரேக் போட்டு, கிளம்பும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்து வண்டி இழுப்பது தெரிந்ததும் விடுங்கள். முன்பு நன்றாக ஓடிய ஏ.எம்.டி. திடீரென்று உதறினால் கதை வேறு. அப்போது ஸ்கேனரில் கிளட்ச் லேர்னிங் (கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி கற்றுத்தருவது) செய்யச் சொல்லணும். புது வண்டிக்கு அதெல்லாம் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் தெரு மலையடிவாரச் சரிவு. காலையில் பி-யிலிருந்து எடுக்கும்போது மட்டும் ‘டங்’ என்று பெரிய சத்தம். மற்றபடி வண்டி அருமை. பயப்படணுமா?
- வாசகர், பல்லாவரம்

பதில்: கியர் பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பி போட்டதும் உள்ளே ஒரு சின்ன கொக்கி பல்லில் மாட்டுகிறது. நீங்கள் பி போட்டுவிட்டு அப்புறம் ஹேண்ட் பிரேக் இழுக்கிறீர்கள், அதற்குள் வண்டியின் மொத்த எடையும் அந்தக் கொக்கியில் தொங்கிவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள். ஃபுட் பிரேக்கில் நிறுத்தி, ‘என்’ (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, ஃபுட் பிரேக்கை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி ஹேண்ட் பிரேக்கில் உட்கார்ந்ததும் மறுபடி ஃபுட் பிரேக் மிதித்து பி போடுங்கள். உருண்டால் முதலில் ஹேண்ட் பிரேக்கை டைட் வையுங்கள். அந்தச் சரிவில் அது அவசர வேலை.